சிறுநீரகத்து ஊசிப் பரிசோதனையும் அதன் பின்விளைவுகளும்

தோற்றுவாய்

காலையில் எழுந்தவுடன் கண்ணிமை அதைத்திருக்கின்றது. மாலையிற் செருப்பைக் கழற்றினால் அதன் வாரின் தடம் பாதத்திற் குழிந்து நிற்கின்றது. சிறுநீர் சோப்புநீர்போல் நுரைக்கின்றது. வைத்தியர் சோதித்துப் பார்த்து, இரத்தத்தில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரோடு கழிந்து போகின்றதென்று கூறுகின்றார், கூறியபின், "சிறுநீரகத்தினின்று ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தாலன்றி நோய் இன்னதென்று துணிதல் இயலாது, அதற்கு முதுகின் வழியே ஊசி செலுத்தவேண்டும்" என்கின்றார். இச்சொல்லைக் கேட்ட அளவில் வீட்டார் கலங்குகின்றனர். "இருக்கிற உறுப்பையும் குத்திக் கெடுத்துக்கொள்வதா?" என்று பாட்டி கேட்கின்றாள். "எனக்குத் தெரிந்த ஒருவர்க்கு இப்படித்தான் ஊசி போட்டார்கள், பிறகு சிறுநீர் சிவப்பாய்ப் போயிற்றாம்" என்று உறவினர் ஒருவர் சொல்கின்றார். நோயாளியோ இருவர் முகத்தையும் மாறி மாறி நோக்கியிருக்கின்றார்.

இவ்வச்சம் முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. ஊசியால் வரும் தீங்குகள் உண்டு. அவை எத்தன்மையன, எத்துணையளவின, எப்பொழுது தோன்றுவன, எங்ஙனம் தடுக்கப்படுவன என்பன நன்கு ஆராயப்பட்டுள்ளன. அவ்வாராய்ச்சியின் முடிபுகளை நம் கல்லூரி மாணாக்கரும் ஆசிரியரும் பழைய மாணாக்கரும் எளிதின் உணருமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மவரிற் பலர் தம் வீட்டில் முதன்முதல் கல்லூரிப் படிப்பை எட்டியவராதலின், ஆஸ்பத்திரியில் தரும் தாளைப் படித்து முடிவு சொல்லும் பொறுப்பும் அவர்மேலேயே விழுகின்றது. அறியாது அஞ்சுதலும் அறியாது இசைதலும் ஒருங்கே குற்றமாம்.

உறுப்பின் இயல்பு

பின்விளைவுகளை உணர்தற்கு முன் உறுப்பை உணர்தல் வேண்டும். சிறுநீரகம் என்று நூல்களும், குண்டிக்காய் என்று நாட்டு வழக்கும் கூறும் உறுப்புகள் இரண்டு. அவை வயிற்றறையின் பின்புறத்தே, முதுகெலும்பின் இருமருங்கும், கடைசி விலாவெலும்புகளின் மறைவில் அமைந்துள்ளன. வளர்ந்த ஒருவர்க்கு ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுடையது; எடை ஏறக்குறைய 150 கிராம். இரண்டும் சேர்ந்தும் உடலெடையில் நூற்றிலொரு பங்குக்கும் குறைவே. ஆயினும் இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றினூடே பாய்கின்றது. அஃதாவது நிமிஷம் ஒன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம்.

ஒவ்வொரு சிறுநீரகத்தினுள்ளும் ஏறத்தாழப் பத்து லட்சம் வடிகருவிகள் உள்ளன. வடிகருவி ஒவ்வொன்றின் தலைப்பிலும் மயிரிழையினும் நுண்ணிய இரத்தக் குழல்கள் நூற்பந்துபோற் சுருண்டு கிடக்கின்றன. இச்சுருளைக் குளோமெருலஸ் என்பர். நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீர் இச்சுருள்களில் வடிந்து, பெரும்பகுதி மீண்டும் இரத்தத்திற் சேர, ஒன்றிரண்டு லிட்டரே சிறுநீராய் வெளியேறுகின்றது. நோய் பெரும்பாலும் இச்சுருள்களிலேயே தொடங்குகின்றது. சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தால் சுருள் பழுதுபட்டது என்பது விளங்கும். எவ்வகையாற் பழுதுபட்டது என்பது விளங்காது. வீட்டில் புகை வருவதைத் தெருவிலிருந்தே காணலாம். அடுப்புப் புகையோ, கூரை பற்றிய புகையோ என்பதை உள்ளே சென்றவனே சொல்லக்கூடும். அவ்வாறு உள்ளே சென்று வரும் தூதனே இவ்வூசி.

இத்துணை இரத்தம் பாயும் உறுப்பில் ஊசி புகுந்தால் இரத்தம் கசிதல் இயற்கை. ஆதலின் இப்பரிசோதனையின் தீங்குகளிற் பெரும்பாலன இரத்தக்கசிவு என்னும் ஒரே வேரினின்று கிளைத்தவையே. இதனை மனத்திற் கொண்டால் பின்வருவன யாவும் எளிதின் விளங்கும்.

ஊசி வந்த வரலாறு

1944-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லூண்டு நகரில் நீல்ஸ் ஆல்வால் என்னும் வைத்தியர் சிறுநீரகத்தினின்று ஊசியால் துணுக்கு உறிஞ்சியெடுக்கத் தொடங்கினார். அவர்தம் நோயாளருள் ஒருவர் இறந்துபடவே அம்முறையை அவர் கைவிட்டார். தாம் செய்தவற்றை 1952-ல் தான் வெளியிட்டார். இதனிடையே டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பவுல் ஐவர்சன், கிளாஸ் புரூன் என்னும் இருவரும் நோயாளியை உட்காரவைத்து ஊசி செலுத்தித் தம் முடிபுகளை 1951-ல் வெளியிட்டனர். அவர் முறையிற் பலகால் துணுக்குக் கிட்டாமலே போயிற்று.

பின்னர்ச் சிகாகோ நகரில் ராபர்ட் கார்க், ராபர்ட் மியூர்க்கி என்னும் இருவர் இரண்டு மாறுதல்களைச் செய்தனர். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்தனர். உறிஞ்சும் ஊசியை விடுத்து வெட்டியெடுக்கும் ஊசியைக் கொண்டனர். மெல்லிய ஊசியொன்றை முதலிற் செலுத்தி, மூச்சுக்கேற்ப அது அசைவதைக் கண்டு சிறுநீரகத்தின் இடத்தைத் துணிந்தனர். 1954-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 50 பேருள் நூற்றுக்கு 96 விழுக்காடு துணுக்குக் கிட்டியதென்றும், பெருந்தீங்கு எதுவும் நேரவில்லையென்றும் கூறினர். அதன்பின்னரே இம்முறை உலகெங்கும் பரவிற்று. பிற்காலத்தே அல்ட்ராசவுண்டு ஸ்கேன் வந்தபின் ஊசி செல்லும் வழியைத் திரையிற் கண்டுகொண்டே செலுத்தலாயிற்று. விசையால் இயங்கும் ஊசிக் கருவி வந்தபின், வெட்டும் தொழில் இமைப்பொழுதில் முடிவதாயிற்று.

இவ்வரலாற்றில் யாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆல்வால் ஓர் உயிர் போனமை கண்டு நிறுத்தினார். பின்வந்தோர் நிறுத்தாது திருத்தினர். இருவர் செயலும் மருத்துவ அறத்துக்கு உரியனவே. தீங்கைக் கண்டு நில்லாதவன் கொடியவன். தீங்கின் காரணத்தை ஆராயாது என்றும் நின்றுவிடுபவன் பின்வரும் நோயாளர்க்கு உதவாதவன்.

நம் நாட்டிலும் மிஷன் தொண்டு இவ்வழியிற் பின்தங்கியதன்று. ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் தொடங்கிய மருத்துவச் சாலை, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாய் வளர்ந்து, 1971-ல் இந்தியாவிலேயே வெற்றிபெற்ற முதற் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையைச் செய்தது. மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடல் ஏற்கின்றதா வெறுக்கின்றதா என்று தெளிவதற்கும் இவ்வூசியே துணை. இன்று தமிழ்நாட்டில் அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இது நாள்தோறும் நிகழும் செயலாகிவிட்டது.

செய்முறை

ஊசி செலுத்துமுன் இரத்த அழுத்தம் சோதிக்கப்படும். மிகுந்திருந்தால் முதலில் அதனைத் தணிப்பர். இரத்தம் உறையும் ஆற்றல், தட்டணுக்களின் எண்ணிக்கை, ஹீமோகுளோபின் அளவு ஆகியவற்றைப் பார்ப்பர். சிறுநீரிற் கிருமித்தொற்று இல்லையென்று தெளிவர். ஸ்கேன் மூலம் இரு சிறுநீரகமும் உள்ளனவா, சுருங்கிவிட்டனவா என்று காண்பர். ஆஸ்பிரின் முதலிய இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்துகளைச் சில நாள் முன்னரே நிறுத்தச் சொல்வது வழக்கம். எனினும் இதய நோய்க்காக அவற்றை உண்பவர் தாமே நிறுத்துதல் தகாது. நிறுத்துவதில் ஒரு தீங்கும் நிறுத்தாமையில் வேறொரு தீங்கும் இருத்தலின் வைத்தியர் இருவரும் கலந்து முடிவு செய்யவேண்டும்.

நோயாளி குப்புறப் படுப்பார்; வயிற்றின்கீழ் ஒரு தலையணை வைக்கப்படும். தோலும் அதன்கீழுள்ள தசையும் மரத்துப்போக மருந்து ஏற்றுவர். பெரும்பாலும் சிறுநீரகத்தின் கீழ்முனையையே தேர்வர். பெருங்குழாய்கள் நடுவில் நுழைவனவாதலின் கீழ்முனையில் அவை தாக்குண்ணும் அச்சம் குறைவு. "மூச்சைப் பிடியுங்கள்" என்று சொன்னவுடன் நோயாளி அசையாது மூச்சை அடக்குதல் வேண்டும். மூச்சு விடுந்தோறும் சிறுநீரகம் மேலும் கீழும் நகர்வதனால், ஊசி உள்ளிருக்கும்போது இருமினாலும் திடுக்கிட்டாலும் கீறல் உண்டாகும். கருவி 'டக்' என்னும் ஒலியோடு இயங்கும். இவ்வொலியை முன்னரே கேட்டுப் பழகியவர் அஞ்சுவதில்லை. நூல்போன்ற துணுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிடைக்கும். அவ்வாறு இரண்டு அல்லது மூன்று துணுக்குகள் எடுப்பர். அவை சாதாரண நுண்பெருக்கியாலும், ஒளிரும் சாயமுறையாலும், வேண்டியவிடத்து எலெக்ட்ரான் நுண்பெருக்கியாலும் ஆராயப்படும்.

பின்விளைவுகள்

இனி நம் பொருளின் நடுவிடத்துக்கு வருவோம்.

முதலாவது, வலி. மருந்தின் மரப்பு நீங்கியபின் முதுகில் அடிபட்டாற்போன்ற வலி தோன்றி ஓரிரு நாளில் அடங்கும். அடங்காது வளரும் வலியோ உள்ளே இரத்தம் தேங்குதற்கு அறிகுறி.

இரண்டாவது, சிறுநீரகத்தைச் சூழ்ந்து இரத்தம் கட்டுதல். சிறுநீரகத்தை உறைபோல் மூடிய சவ்வும் அதன் புறத்தேயுள்ள கொழுப்பும் கசியும் இரத்தத்தை அமுக்கித் தாமே தடுப்பன. சிறு கட்டுகள் நோயாளிக்குத் தெரியாமலே உண்டாகிச் சில வாரங்களிற் கரைந்துவிடும். பெருங்கட்டு உண்டாயின் வலியும், நாடி விரைதலும், அழுத்தம் தாழ்தலும், ஹீமோகுளோபின் குறைதலும் காணப்படும்.

மூன்றாவது, சிறுநீர் சிவத்தல். ஊசி சென்ற வழி சிறுநீர் செல்லும் வழியோடு கலந்தால் இரத்தம் அதனூடே வெளிப்படும். முதல் இரண்டொரு முறை இளஞ்சிவப்பாய்ப் போய்ப் பின் தெளிவது பொதுவியல்பு. ஆதலின் செவிலியர் ஒவ்வொரு முறையும் கழிந்த சிறுநீரைத் தனித்தனிக் குப்பியிற் பிடித்து வரிசையாய் வைப்பதுண்டு. சிவப்பு வரவர வெளுத்தால் நலம். வரவரக் கறுத்தால் வைத்தியரை அழைப்பர். இரத்தம் கட்டியாய் உறைந்து வழியை அடைத்துச் சிறுநீர் வாராது நின்றுவிடுதலும் சிலர்க்கு உண்டு. அப்பொழுது குழாய் செலுத்திக் கழுவவேண்டி வரும்.

நான்காவது, நாடியும் நாளமும் ஒன்றோடொன்று இணைந்துவிடுதல். ஊசி அடுத்தடுத்துள்ள இரண்டையும் துளைக்க, இரத்தம் நுண்குழல்களைச் சுற்றாது குறுக்கு வழியே பாய்கின்றது. இவற்றிற் பெரும்பாலன துன்பம் செய்யாது தாமே மூடிக்கொள்வன. மூடாது இரத்தக்கசிவையோ மிகை அழுத்தத்தையோ உண்டாக்கும் சிலவற்றுக்கே சிகிச்சை வேண்டும்.

ஐந்தாவது, பேஜ் சிறுநீரகம் எனப்படுவது. 1939-ல் எர்வைன் பேஜ் என்னும் அமெரிக்க அறிஞர் விலங்குகளின் சிறுநீரகத்தைச் செலோபேன் தாளாற் சுற்றி, அதனால் இரத்த அழுத்தம் உயர்வதைக் காட்டினார். ஊசிக்குப்பின் சவ்வின்கீழ் கட்டிய இரத்தம் அத்தாளைப்போல் உறுப்பை இறுக்கினால், தனக்கு இரத்தம் போதவில்லையென்று சிறுநீரகம் மயங்கி அழுத்தத்தை உயர்த்தும். இஃது அரிதாய் நிகழ்வது.

ஆறாவது, கிருமித்தொற்றும், அண்டையிலுள்ள குடல், கல்லீரல், மண்ணீரல் முதலியன தாக்குறுதலும். திரையிற் கண்டு செலுத்தும் இக்காலத்தில் இவையும் மிக அரியன.

எத்துணை பேர்க்கு?

பெயர்களை மாத்திரம் அடுக்கினால் அச்சமே மிகும். அளவையும் கூறுதல் வேண்டும். 2020-ல் வெளிவந்த ஒரு பெருந்தொகுப்பாராய்ச்சி, 87 கட்டுரைகளிற் கண்ட 1,18,064 பரிசோதனைகளை ஒருங்குவைத்து நோக்கிற்று. அதன்படி, இரத்தம் கட்டியமை நூற்றுக்கு 11 பேர்க்கு, வலி 4.3 பேர்க்கு; கண்ணுக்குத் தெரியச் சிறுநீர் சிவந்தமை 3.5 பேர்க்கு, இரத்தம் ஏற்றவேண்டி வந்தமை 1.6 பேர்க்கு; குழாய் வழியே சென்று கசிவை அடைத்தல் முதலிய சிகிச்சை வேண்டியமை 0.3 பேர்க்கு, இறந்தமை 0.06 பேர்க்கு. கடைசி எண்ணைத் தெளிவாய்க் கூறின், பதினாயிரவருள் 6 பேர்.

இவ்வெண்களை எல்லார்க்கும் ஒருபடித்தாய்க் கொள்ளலாகாது. இரத்த அழுத்தம் அடங்காதவர், கிரியாட்டினின் மிகுந்தவர், முன்னரே இரத்தசோகை உடையவர், திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்து படுத்தவர் ஆகியோர்க்கு இடர் மிகுதி. பருத்த ஊசியினும் மெல்லிய ஊசியில் இடர் குறைவு. ஆனால் மிக மெல்லியதாயின் துணுக்குப் போதாமற் போகும். நலமாய் நடந்துவந்து சோதனைக்குப் படுக்கும் இளைஞர்க்கு இடர் மேற்கூறியதினும் குறையும். ஆதலால், "இதில் எவ்வளவு ஆபத்து?" என்று கேட்பதினும், "என் நிலைமையில் எவ்வளவு ஆபத்து?" என்று கேட்பதே அறிவுடைமை.

காலமும் அறியத்தக்கது. கார்க் வாழ்ந்த அச்சிகாகோ நகரிலேயே 750 பரிசோதனைகளை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டனர். அதனால், தீங்குகளில் மூன்றில் இரண்டு பங்கே 8 மணி நேரத்துக்குள் வெளிப்பட்டன என்பதும், ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு 24 மணி நேரத்துக்குள் வெளிப்பட்டன என்பதும் தெரியவந்தன. "காலையில் ஊசி, மாலையில் வீடு" என்பது எல்லார்க்கும் ஏற்றதன்று என்பது இதனாற் போதரும். சில ஆஸ்பத்திரிகளில் இடர் குறைந்தவரை அன்றே அனுப்புவதுண்டு. அவ்வாறு அனுப்பப்படுபவர் உடனே திரும்பி வரத்தக்க தொலைவில் தங்குதல் இன்றியமையாதது.

தீங்கு நேர்ந்தால் செய்வன

நோயாளியைப் பல மணி நேரம் அசையாது மல்லாந்து படுக்கவைத்து, நாடியையும் அழுத்தத்தையும் அடிக்கடி பார்ப்பர். கசிவு நில்லாதாயின் ஸ்கேன் செய்து கட்டின் அளவை அறிவர், இரத்தம் ஏற்றுவர். அதனாலும் அடங்காதாயின், தொடையிலுள்ள நாடியின் வழியே நுண்குழாயைச் சிறுநீரகம் வரை செலுத்தி, கசியும் கிளையை மட்டும் சிறு கம்பிச்சுருளால் அடைத்துவிடுவர். முற்காலத்தில் சிறுநீரகத்தையே அறுத்தெடுக்க நேர்ந்த நிலைமைகளில் இன்று இம்முறையால் உறுப்புப் பிழைக்கின்றது. இவ்வசதியும் இரத்த வங்கியும் அண்மையில் உள்ள ஆஸ்பத்திரியில் இப்பரிசோதனையைச் செய்துகொள்ளுதல் நன்று என்பது இதனாற் பெறப்படும்.

இரத்தம் உறையாத நோயுடையார்க்கு முதுகின் வழியன்றிக் கழுத்து நாளத்தின் வழியே துணுக்கு எடுக்கும் முறையும் உண்டு. சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டார்க்கோ, துணுக்கு எடுத்தும் சிகிச்சை மாறப்போவதில்லையாதலின் ஊசியே வேண்டுவதில்லை என்பர்.

விடுதி மாணாக்கர்க்கு

1937-ஆம் ஆண்டில் நம் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த நாள்தொட்டு, தொலைவூர்களினின்று வந்து சேலையூர் விடுதி முதலியவற்றில் தங்கிப் பயில்வார் பலர். அவருள் ஒருவர்க்கு இச்சோதனை நேர்ந்து, தாயும் தந்தையும் ஊர் திரும்பியபின் அவர் அறைக்கு வந்துவிட்டார் எனக் கொள்வோம். அப்பொழுது அவரைக் காப்பவர் யார்? அடுத்த கட்டிலிற் படுத்திருக்கும் தோழரே.

அத்தோழர் அறியவேண்டுவன சிலவே. சிறுநீர் மீண்டும் சிவந்தாலும், அதிற் கட்டிகள் காணப்பட்டாலும், சிறுநீர் வாராது அடிவயிறு உப்பினாலும், விலாப்புறத்து வலி ஏறிக்கொண்டே போனாலும், எழுந்து நிற்கையில் தலைசுற்றிக் குளிர்ந்து வியர்த்தாலும், காய்ச்சல் கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் விடுதிக் காப்பாளர்க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். 108 வண்டியை அழைக்கத் தயங்கலாகாது. முதல் நாள் தப்பியவர்க்கும் சில நாள் கழித்துக் கசிவு தோன்றுதல் அரிதாயினும் உண்டு.

வைத்தியர் குறித்த நாள்வரை, பொதுவாய் ஒன்றிரண்டு வாரம், கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆகா. பளு தூக்குதலும், பள்ளமேடான வழியில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் குலுங்கிச் செல்லுதலும் ஆகா. தேர்வு முடிந்ததென்று அன்றிரவே நெடுந்தூரப் பஸ் ஏறி ஊருக்குப் புறப்படுதலும் ஆகாது. வலிக்கின்றதென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளிற் பல சிறுநீரகத்துக்குப் பகையாவன. அவற்றுட் சில இரத்தம் உறைதலையும் தடுப்பன. வைத்தியர் எழுதித் தந்ததையன்றி வேறெதனையும் உண்ணலாகாது.

ஊசி தந்த அறிவு

இவ்வளவு இடரையும் ஏற்று ஊசியாற் பெறும் பயன் யாது என்று கேட்பார்க்கு மூன்று சான்றுகள் கூறுவோம்.

லூப்பஸ் என்னும் நோய் இளம்பெண்களைப் பெரிதும் பற்றுவது. அது சிறுநீரகத்தைத் தாக்கும்போது அதன் வகைகள் பல. ஒரு வகைக்கு வலிய மருந்துகளை உடனே தொடங்கவேண்டும். மற்றொரு வகைக்கு அவை வேண்டா. வகையறியாது வலிய மருந்தைக் கொடுத்தால் மருந்தாற் கேடு. கொடாதிருந்தால் நோயாற் கேடு. வகையைப் பிரித்துக் காட்டுவது துணுக்கே.

1968-ல் பாரிஸ் நகரில் ழான் பெர்ழே என்பார், துணுக்குகளை ஒளிரும் சாயமுறையால் ஆராய்ந்து, ஐஜிஏ என்னும் எதிர்ப்புரதம் குளோமெருலஸ் சுருளிற் படியும் நோயைத் தம் துணைவரோடு உலகுக்கு அறிவித்தார். இன்று உலகெங்கும் மிகுதியாய்க் காணப்படும் சுருள்நோய்களுள் அஃதொன்று. ஊசி இல்லாதிருந்தால் அந்நோய்க்குப் பெயரே இராது.

மூன்றாவது நமக்கு அண்மையது. கேரள நாட்டு மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சவ்வு தடிக்கும் ஒருவகைச் சுருள்நோயாளர் 22 பேரின் துணுக்குகளை வைத்தியர் ஆராய்ந்தனர். அவருள் 15 பேர்க்கு நெல்-1 என்னும் புரதம் காணப்பட்டது. அரிதாய்த் தோன்றவேண்டிய அஃது இத்துணை பேர்க்கு எங்ஙனம் வந்தது என்று வினவியபோது, அப்பதினைவருள் 13 பேர் தோலை வெளுப்பாக்கும் பூச்சுகளைப் பயன்படுத்தினமை வெளிப்பட்டது. அத்தகைய பூச்சுகளிற் பாதரசம் கலந்திருந்தது. நாட்டு மருந்துகள் சிலவற்றில் உள்ள பாதரசமும் இந்நோய்க்கு ஏதுவாதலைச் சென்னையில் நுண்பெருக்கி ஆராய்ச்சி செய்வோரும் பிறரும் 2022-ல் எடுத்துக்காட்டினர். இவ்வகையினர்க்குப் பூச்சையோ மருந்தையோ நிறுத்துவதே முதற் சிகிச்சை; நிறுத்திய அளவில் தேறினவர் பலர். காரணம் அறியப்படாதிருந்தால் அவர்கள் ஒருபுறம் வலிய மாத்திரைகளை உண்டு, மறுபுறம் நஞ்சையும் பூசிக்கொண்டிருப்பர். நிறத்தின்மேல் வைத்த ஆசை சிறுநீரகத்தைத் தின்றதென்பதை ஒரு நூலளவுத் துணுக்கு உரைத்தது. விடுதி அறைகளிலும் இப்பூச்சுக் குப்பிகள் உண்டாதலின் இதனைச் சற்று விரித்துரைத்தோம்.

இசைவு என்பது

ஊசிக்குமுன் இசைவுத்தாள் ஒன்றிற் கையொப்பம் பெறுவர். நெரிசல் மிகுந்த தாழ்வாரத்தில், "இங்கே போடுங்கள்" என்று விரலாற் காட்டிய இடத்தில் படியாது கையெழுத்திடுவார் பலர். அது கையொப்பமேயன்றி இசைவன்று. கேட்கவேண்டிய வினாக்கள் ஐந்து: இச்சோதனையால் என் சிகிச்சை எவ்வாறு மாறும்? செய்யாவிட்டால் என்ன நேரும்? என் நிலைமையில் இடர் எவ்வளவு? இரத்தம் கசிந்தால் இங்கேயே அதனை அடைக்க வசதி உண்டா? வீடு சென்றபின் இரவில் யாரை அழைப்பது? இவ்வைந்துக்கும் விடை பெற்றபின் இசைந்தால் அஃது இசைவு. மறுத்தால் அதுவும் அறிந்து மறுத்ததாகும். வினவுதல் வைத்தியரை அவமதித்தலன்று. பணிவோடு வினவும் நோயாளிக்கு விடையளிக்க நல்ல வைத்தியர் மகிழ்வர்.

முடிப்பு

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோய் இன்னதென்று தெளிதலையே முதற்படியாக வைத்தனர். அவரே மருத்துவத்துக்கு உறுப்பு நான்கென்று வகுத்து, நோயாளியையும் வைத்தியனையும் மருந்தையும் மட்டும் கூறி நில்லாது, அருகிருந்து பேணுவோனையும் உடன்வைத்து எண்ணினர். ஊசி செலுத்துதல் வைத்தியன் தொழில்; மூச்சை அடக்கி அசையாதிருத்தல் நோயாளியின் தொழில்; நள்ளிரவில் விழித்து, "சிறுநீர் எந்நிறமாய்ப் போகின்றது?" என்று கேட்டல் நான்காமவன் தொழில். முன்னிருவர் தொழில் சில நிமிஷத்தில் முடியும். நான்காமவன் தொழிலோ அதன்பின்னரே தொடங்கும்.

பதினாயிரவருள் அறுவர் என்னும் எண் சிறிதே. ஆனால் அவ்வறுவருள் ஒருவர் நம் வீட்டாராயின் அது சிறிதன்று. அவ்வெண்ணை மேலும் சிறிதாக்குதல் வைத்தியர் கையில் மாத்திரம் இல்லை. முன்னரே உண்ட மருந்துகளை ஒளியாது சொல்லும் நோயாளி கையிலும், அறிகுறி கண்டு காலந்தாழ்த்தாத தோழர் கையிலும் உள்ளது. ஆதலின் இக்கட்டுரையைப் படித்தோர், ஊசி என்று கேட்டு நடுங்கும் வீட்டாரைக் காணுமிடத்து, "ஒன்றும் ஆகாது" என்று பொய்த்தேறுதல் கூறாது, "கெட்டுவிடும்" என்று அச்சமும் ஊட்டாது, உள்ளதை உள்ளவாறே உரைத்து, அன்றிரவு உடனிருந்து உதவுவாராக.